மச்சானின் ரத்தத்துக்கு ஒரு வயது

1

மச்சானுக்கு நாற்பத்தொரு வயது. அவர் ரத்தத்துக்கு இன்றோடு ஒரு வயது.

ஹாம்பர்கில் காலை ஆறரை மணி. தை மாதம் இங்கே விடிய எட்டு மணிக்கு மேலாகும். ஜன்னலில் என் முகம்தான் தெரிகிறது. ஆற்றுப்பக்கம் ஒரு கப்பல் ஒரே ஒரு முறை ஊதிவிட்டு அடங்கியது. கைபேசியில் அக்கா அனுப்பிய மூன்று படங்கள் வந்து கிடக்கின்றன. சென்னை ஆஸ்பத்திரியில் மச்சானுக்கு எடுத்த ஓராண்டுப் பரிசோதனையின் முடிவு. படங்களுக்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை. நான் படித்துச் சொல்வேன் என்று காத்திருக்கிறாள்.

படித்துவிட்டேன். சொல்லத்தான் பயமாக இருக்கிறது. போன தடவை இதே மாதிரி ஒரு முடிவைப் படித்துவிட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தை மச்சானைக் கடலுக்கு அடியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. ஆகவே இன்றைக்கு வாயைத் திறப்பதற்கு முன்னால் நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

மச்சான் என்றால் கஸ்பார் மச்சான். ரெஜினா அக்காவின் கணவர், எங்கள் அத்தை மகனும்கூட. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர். நான் அருள். ரத்தப் புற்றுநோயை ஆராயும் ஒரு லேபில் மூன்று வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன். அக்காள் புருஷனும் மனைவியின் தம்பியும் எங்கள் பக்கம் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவருக்கு நானும் மச்சான்.

2

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதற்கு என் மூளை காரணம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு. கயிறு பிடிக்க நான் லாயக்கில்லை.

முத்துக் குளித்த காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. அடியில் போகிறவனின் இடுப்புக் கயிற்றை அவன் மனைவியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. கூடப்பிறந்தவன் செத்தால் வீட்டில் பங்கு கூடும். மச்சான் செத்தால் தன் அக்காளோ தங்கச்சியோ தாலியைக் கழற்ற வேண்டி வரும். எவன் கை தளராது என்று முன்னோர்கள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். முத்து போய்விட்டது, சங்கு மிச்சமிருக்கிறது. மூச்சடக்கி முங்கிய காலமும் போய்விட்டது. வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடுகிறது. வாயில் கவ்விய ரப்பர் குழாய் வழியாகக் காற்று இறங்குகிறது. ஆனால் எங்கள் வள்ளங்களில் இடுப்புக் கயிறு போகவில்லை. அதைப் பிடிக்கிற முறையும் போகவில்லை. ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால் கயிற்றை இன்னும் விடு. மூன்று என்றால் மேலே. அடியிலிருந்து இழுத்தாலும் மேலிருந்து இழுத்தாலும் அர்த்தம் ஒன்றுதான்.

அக்கா கல்யாணத்துக்குப் பிறகு கல்லூரி விடுமுறைகளில் மச்சானுக்கு நான் கயிறு பிடித்தேன். ஒரு நாள் தேர்வு நெருங்கியிருந்ததால் மடியில் புத்தகம். மச்சான் கீழேயிருந்து மூன்று முறை இழுத்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. குழாய் எங்கோ முறுக்கிக்கொண்டு காற்று நின்றுவிட்டது. அவராகவே மேலே வந்தார். மூக்கிலும் ஒரு காதிலும் ரத்தம். வள்ளத்து விளிம்பில் உட்கார்ந்து துப்பினார். என் மடியைப் பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் புஸ்தகத்துல கெடந்தா கயிறு யாரு கையில கெடக்கும் மச்சான்? நீ படிக்கப் போ. ஆனா ஒழுங்காப் படி."

அக்காவிடம் அடியில் பார்க்கல் பாறையில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். அன்றிலிருந்து ராயப்பன் அண்ணன் கயிறு பிடித்தான். பெரியம்மா மகன், அக்காவுக்கு முறைக்கு அண்ணன். நான் ஒழுங்காகப் படித்தேன்.

3

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை ஊரில் யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. சொன்னால் சோறு இறங்காது.

மருந்து கொடுத்து ரத்தப் புற்று அடங்கிய பிறகும் எலும்பு மஜ்ஜையில் சில செல்கள் செத்ததுபோல் தூங்குகின்றன. வருஷம் கழித்து விழிக்கின்றன. எவை தூங்கும், ஏன் விழிக்கும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. நோயாளிகளிடம் எடுத்த ரத்தத்தைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்திருக்கிறோம். தேவைப்படும்போது ஒரு குப்பியை எடுத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் மெல்ல ஆட்டி உருக்குவேன். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முதலில் மணல்போல் கிடக்கும். மறுநாள் பார்த்தால் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் இறந்து வருஷக்கணக்காகியிருக்கலாம். பட்டியலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய சிலுவைக் குறி போட்டிருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். ஆள் இல்லாதவரின் செல்லுக்கு நான் இரண்டு நாளைக்கு ஒரு தடவை தீனி மாற்றுகிறேன்.

தொட்டிகள் இருப்பது கட்டடத்தின் அடித்தளத்தில். மார்பு உயரத்துக்கு ஆறு எஃகுத் தொட்டிகள். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை மேலே எழாது. வழிந்து இறங்கி முழங்காலைச் சுற்றிக்கொள்ளும். குப்பிகள் இருக்கும் அடுக்கு ஆழத்தில் கிடக்கும். நீளமான கம்பியைப் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றித் தூக்க வேண்டும். அந்தப் புகை அறையிலுள்ள காற்றைத் தள்ளிவிடும் என்பதால் யாரும் தனியாகப் போகக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே ஒருவர் நின்று உள்ளே இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்காக நிற்பவர் உட்டே. வயதான பெண்மணி, முப்பது வருஷமாக இந்த லேபில் டெக்னீஷியன். முதல் நாளே எனக்குப் பட்டது, அவர் செய்வது கயிறு பிடிக்கிற வேலை என்று.

மச்சானுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்து, ஈறில் ரத்தம் வந்து, பரிசோதனையில் லுக்கேமியா என்று தெரிந்தபோது அந்த அறிக்கையையும் நான்தான் முதலில் படித்தேன். எந்த நோயைப் பார்க்க நாடு விட்டு நாடு வந்தேனோ, அது எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது. ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை வேறு ஒருவரிடமிருந்து எடுத்து ஏற்றினால்தான் பிழைப்பார் என்றார்கள். மச்சானுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. மூன்று தலைமுறையாக அத்தை மகன் மாமன் மகள் என்று கட்டிவந்த குடும்பமாதலால் என்னையும் சோதித்தார்கள். கூடப்பிறந்தவன்போல் முழுசாகப் பொருந்தியது.

விடுப்புக்குப் படிவம் நிரப்பினேன். நெருங்கிய உறவுக்குச் சிறப்பு விடுப்பு உண்டு. கட்டங்கள் நான்கு: துணை, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர். மச்சானுக்குக் கட்டம் இல்லை. அலுவலகப் பெண் மிகவும் வருத்தத்தோடு, அக்காவின் கணவர் இதில் வரமாட்டார் என்றார். மதியம் வேறொருவர் இருந்தபோது இரண்டாவது படிவம் கேட்டு வாங்கி, நானே 'உடன்பிறந்தோர்' கட்டத்தில் குறி போட்டு, சகோதரன் என்று எழுதிக் கொடுத்தேன். பொய் என்று தெரியும். விமானத்தைப் பிடிக்கிற அவசரத்தில் அது ஒரு பேனாக் கீறலாகத்தான் தெரிந்தது.

இப்போது நினைத்தால், மச்சானை முதலில் சகோதரனாக்கியவன் நான்தான்.

4

சென்னையில் எனக்கு ஐந்து நாள் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் உள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல் வலித்தன. ஆறாம் நாள் ஒரு கையிலிருந்து ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுற்றவிட்டு, மறு கையில் திருப்பினார்கள். நாலு மணி நேரத்தில் ஒரு பை சேர்ந்தது. தக்காளிச் சாறு நிறம். அதை மாடியில் மச்சானுக்கு ஏற்றுவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நானும் அக்காவும் நின்றோம். தலையில் ஒரு முடி இல்லாமல் படுத்திருந்த மச்சான் உள்ளிருந்து போனில் கேட்டார்.

"உன் ரத்தம் ஏறுனா நானும் இங்கிலீஷ் பேசுவேனா மச்சான்?"

அக்கா சிரித்தாள். நர்சுகள் அன்றைய தேதியை அவருடைய இரண்டாவது பிறந்தநாள் என்று அட்டையில் எழுதிக் கட்டிலில் மாட்டினார்கள்.

நான் ஹாம்பர்க் திரும்பி மூன்றாம் மாதம் ஒரு பரிசோதனை முடிவு வந்தது. ஏற்றிய செல்கள் பிடித்துக்கொண்டனவா, பழைய ரத்தம் எட்டிப் பார்க்கிறதா என்று சொல்லும் பரிசோதனை. எங்கள் தொழிலில் அந்த ஒரு எண்ணுக்குத்தான் எல்லாரும் காத்திருப்போம். நூறு சதவீதம் கொடையாளி. மச்சானின் ரத்த வகைகூட 'பி'யிலிருந்து என்னுடைய 'ஓ'வாக மாறியிருந்தது. சந்தோஷத்தில் லேப் வராந்தாவிலிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, இனிமே மச்சான் உடம்புல ஓடுறது முழுக்க என் ரத்தம்தான். நூத்துக்கு நூறு. அவரோட பழைய ரத்தம் ஒரு சொட்டுகூட இல்ல."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பிறகு, "சரிலே" என்றாள். போனை வைத்துவிட்டாள். அவள் அழுகிறாள், சந்தோஷ அழுகை என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை படித்தவன்.

5

அக்காவின் மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. இங்கிலீஷ் மீடியம். என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவாள். நான் தமிழில் பதில் சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி இங்கிலீஷுக்கே போய்விடுவாள். மழைக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள்தான் போனை எடுத்தாள். அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

"மாமா, அம்மா இப்பல்லாம் அடுக்களையில படுக்கா. அப்பா உள்ள வந்தா சேலைய இழுத்து மூடிக்கிடுதா."

சண்டையா என்று கேட்டேன். இல்லை என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, அப்பாவுக்கு முடி புதிதாக முளைத்திருக்கிறது, உங்கள் முடி மாதிரியே சுருட்டையாக இருக்கிறது என்றாள்.

மச்சானுக்குக் கோரை முடி. மருந்தில் கொட்டிய முடி சில பேருக்குச் சுருட்டையாக முளைக்கும். நாளாக நாளாக நேராகிவிடும். காரணம் மருந்து, நான் இல்லை. இதைச் சொல்லத்தான் அக்காவைத் தனியே கூப்பிட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள். அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முடிய விடு. அவிய நடந்து வார சத்தம் கேட்டா நீ வாரன்னு தோணுது. முந்தாநாள் தூக்கத்துல என்னைய 'யக்கா'ன்னு கூப்பிட்டாவ. நான் யாருகிட்டலே சொல்ல? பங்குச் சாமியார்கிட்டச் சொல்லவா, அவிய அம்மாகிட்டச் சொல்லவா? கூடப்பொறந்தவன் ரத்தத்தோட எப்பிடிலே ஒரு பாயில படுக்க?"

நோயில் கிடந்தபோது நான் பேசியதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு நாக்கில் வந்திருக்கும், ரத்தம் பேசாது, ரத்தம் வெறும் செல், முறை என்பது ரத்தத்தில் இல்லை என்று என்னென்னவோ சொன்னேன்.

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருக்க நீ. கோயில்ல வச்சு நான் புடிச்ச கைக்குள்ள ஓடுன ரத்தம் எங்க போச்சு? அதச் சொல்லு."

செத்துப்போனது என்பதுதான் பதில். அதை எப்படிச் சொல்வது.

அடுத்த வாரம் மச்சானே கூப்பிட்டார். அக்காவைப் பற்றிக் குறை சொல்லவில்லை. "அவ என்னையக் கூடப்பொறந்தவனாப் பாக்கா மச்சான். நான் என்ன செய்ய" என்றார், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. பிறகு ஒரு கனவைச் சொன்னார். திரும்பத் திரும்ப வருகிறதாம். வரிசையாக இரும்புக் குடங்கள். மூடியைத் திறந்தால் புகை மேலே போகாமல் கீழே வழிகிறது. கால் தெரிவதில்லை. கையில் தடித்த நீலக் கையுறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அது எந்த எடம்லே?"

நான் தொட்டி அறையைப் பற்றி அவரிடம் பேசியதே இல்லை. அங்கே படம் எடுக்கத் தடை, கைபேசியைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று மாலை முழுவதும் இரண்டு வருஷத்துச் செய்திகளையும் படங்களையும் தேடினேன். எப்போதாவது வாய் தவறிச் சொல்லியிருப்பேன் என்று இன்னமும் என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

6

ஆறு வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் உருக்க வேண்டிய மாதிரிகளோடு ஒப்பிட நோயில்லாத ஒருவரின் செல் தேவைப்பட்டது. லேபில் உள்ளவர்களே அதற்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம். எண்தான் போட்டிருக்கும். யாருடையது என்று தெரியக் கூடாது. எனக்கு என் எண் தெரியும். பட்டியலில் அன்று வந்திருந்தது என் எண்.

உட்டே கண்ணாடிக்கு வெளியே நின்றார். நான் மூடியைத் திறந்தேன். புகை இறங்கிக் காலைச் சுற்றியது. கம்பியைப் பிடித்தேன். அப்போது இரண்டு காதும் அடைத்துக்கொண்டன.

முங்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். நாலு பாகம், நாலு ஆள் ஆழம் இறங்கும்போது காதுக்குள் ஒரு கை வைத்து அமுக்குமே, அது. நான் கான்கிரீட் தரையில் நின்றுகொண்டிருந்தேன். வாயில் ரப்பர் கசந்தது. ஆக்சிஜன் குறைந்தால் அலறும் கருவி சுவரில் இருக்கிறது. அதில் பச்சை விளக்குதான் எரிந்தது. அடுக்கைத் தூக்கினேன், வரவில்லை. பனி கட்டிப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். ஆனால் பனி பிடித்தால் கம்பி அசையாது. இது அசைந்தது. ஆழத்தில் ஒரு கனம், மெல்ல ஆடிக்கொண்டு.

ஒரு இழுப்பு. இரண்டு. மூன்று.

நான் எண்ணவில்லை. கைதான் எண்ணியது. மூன்றாவதற்கு அடுக்கு இலகுவாக மேலே வந்தது. காது இரண்டும் 'டிக்'கென்று திறந்துகொண்டன. என் எண் போட்ட குப்பியை எடுத்துக்கொண்டு மூடினேன்.

வெளியே வந்ததும் உட்டே என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: உள்ளே வாயில் எதையோ கவ்விக்கொண்டிருந்தாயே, என்ன அது?

ஒன்றுமில்லை என்றேன். தொட்டியைத் திறந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். நேரம் எட்டு முப்பத்தைந்து. குறிப்பு: அடுக்கு சிக்கியது, மூன்று முறை இழுக்க வேண்டியிருந்தது.

7

ஹாம்பர்கில் பதினொரு மணியானபோது அக்காவின் அழைப்பு வந்தது. பின்னால் காற்றும் வள்ளங்களின் சத்தமும். கரையில் நின்று பேசினாள். மூச்சு வாங்க அவள் சொன்னதையும் அன்று சாயங்காலம் மச்சான் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மச்சான் இன்னும் ஒரு வருஷம் கடலுக்குப் போகக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. வீட்டில் அந்நியனாக உட்கார்ந்திருக்க முடியாமல் அன்று விடியும் முன் கிளம்பிவிட்டார். ராயப்பன் அண்ணன் கயிறு பிடிக்க வந்தபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"எம் மச்சான் எனக்குள்ளேயே இருக்கான். வெளிய இருந்து எவன் புடிக்கணும்?"

கயிற்றின் நுனியைப் பின்பக்கக் கட்டையில் தானே கட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். நான் அக்காவிடம் பெருமையாகச் சொன்ன அதே வார்த்தை. அவள் அதை நம்பி விலகினாள். இவர் அதை நம்பிக் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் முங்கினார். இரண்டு பேரும் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள். நான் சொன்னதைச் சந்தேகப்படாத இரண்டு பேர் உலகத்தில் இருந்தார்கள் என்றால் அவர்கள்தான்.

ராயப்பன் அண்ணன் மனசு கேட்காமல் ஊரில் பத்து மணிக்கு மேல் அக்காவிடம் போய்ச் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவனோடு கடற்கரைக்கு வந்து இன்னொரு வள்ளத்தில் ஏறினாள். சங்கு வள்ளத்தில் பொம்பளை ஏறுவதில்லை என்று அங்கே நின்றவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

"கயிறு புடிக்க ஆம்பள எவன் இருக்கான் இங்கன? தாலி எங் கழுத்துலதான் கெடக்கு. தள்ளு."

அவர்கள் போய்ச் சேர்வதற்குள் மச்சான் கடைசி முங்கில் இருந்தார். வள்ளம் ஆடியதில் குழாய் கட்டைக்கு அடியில் நசுங்கிக் காற்று குறைந்துவிட்டது. பார்ப்பதற்கு ஆள் இல்லை. கண் இருட்டிக்கொண்டு வர, மணலில் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். பயமே இல்லையாம். வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது சுகமாக இருந்ததாம்.

அப்போது இடுப்பில் கயிறு மூன்று முறை இழுபட்டது. பழகிய உடம்பு. மூன்று என்றால் மேலே. உதைத்து எழுந்திருக்கிறார்.

வள்ளத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் இன்ஜின் பக்கம், ஒருவன் முன்னால் சங்கு பிரித்துக்கொண்டிருந்தான். கயிற்றின் பக்கம் யாருமே போகவில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்கிறார்கள். சோற்றுக்கு நேரமாகிவிட்டதே என்று ஒருவன் அப்போதுதான் கைபேசியைப் பார்த்திருக்கிறான். மதியம் ஒன்று ஐந்து.

குளிர்காலத்தில் நம் ஊருக்கும் இந்த ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். இங்கே அப்போது எட்டு முப்பத்தைந்து.

அக்காவின் வள்ளம் அதற்குச் சில நிமிஷம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. மச்சான் பாதி வழியில், குழாயில் கசிந்த கொஞ்சக் காற்றில், கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார், ஏற வலுவில்லாமல். அக்கா வள்ளம் மாறி, கட்டை முடிச்சை அவிழ்த்து, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். ராயப்பன் அண்ணன் உதவிக்குக் கை வைத்தபோது வேண்டாம் என்று தலையாட்டினாளாம். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது.

"கயிறு கையில ஏறுன ஒடனே தெரிஞ்சு போச்சுலே, கீழ கெடக்கது எம் புருசன்னு. பத்து வருசத்துக்கு மேல பக்கத்துல படுத்தவ, கனம் தெரியாதா எனக்கு?"

அதன் பிறகு நான் பேச வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"இனிமே அவிய ரத்தத்தப் பத்தி நீ எனக்கு ஒண்ணும் சொல்லாத. கடுதாசி வந்தா நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

சாயங்காலம் மச்சான் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "மேல இருந்து இழுத்தது யாருலே?" காரணங்கள் எனக்கு வரிசையாக வந்தன. காற்று குறைந்தால் மூளை கயிறு இழுபடுவதாகக் காட்டும். அலையில் வள்ளம் தூக்கினால் கட்டிய கயிறு தானாக இழுக்கும். ஒன்றையும் சொல்லவில்லை. பதிவேட்டைப் பற்றியும் சொல்லவில்லை. அக்கா போனைப் பிடுங்கி, "அவிய தூங்கணும்" என்றாள்.

8

லேபுக்கு நேரமாகிவிட்டதால் நிறுத்திவிட்டுப் போனேன். இப்போது மதியம். மிச்சத்தை எழுதுகிறேன்.

போன வாரம் அலுவலகப் பெண்ணிடம் போய், அது என் சகோதரன் இல்லை, அக்காவின் கணவர், பொய்யாகக் குறி போட்டேன் என்று சொன்னேன். ஏன் இப்போது சொல்கிறாய் என்றார். அவர் சகோதரன் இல்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்றேன். என் ஜெர்மன் தப்போ என்று இரண்டாம் முறை கேட்டார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, ஒன்பது நாள் விடுப்பும் போனது. படிவத்தில் கோடு போட்டு அடித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

இன்று காலை லேப் வாசலில் நின்றுதான் அக்காவுக்குப் பதில் அனுப்பினேன். முடிவில் உள்ளதெல்லாம் நல்ல செய்தி. நோய் இல்லை. எண் அதே எண்தான், நூறு. இரண்டே வார்த்தை எழுதினேன்: நல்லா இருக்கு.

உடனே பதில் வந்தது. எழுத்து இல்லை, ஒரு படம். ஓராண்டு முடிந்ததற்கு நன்றிப் பூசைக்காகக் கோயிலுக்குக் கிளம்பி வீட்டு வாசலில் நிற்கிறார்கள். மச்சானின் முடி பாதி நேராகிவிட்டது. அக்காவின் கை அவர் முழங்கைக்கு மேல் இருக்கிறது. உள்ளங்கைத் தழும்பு தெரியும்படி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு கைபேசியைப் பூட்டி வைத்துவிட்டு அடித்தளத்துக்குப் போனேன்.

உட்டே கண்ணாடிக்கு வெளியே நின்றார். மூடியைத் திறந்தேன். கம்பி இன்று சுலபமாக வந்தது. வேண்டிய குப்பியை எடுத்துவிட்டு, அடுக்கை மறுபடி ஆழத்துக்கு இறக்கினேன். கம்பியை விடுவதற்கு முன்னால் என்ன தோன்றியதோ, ஒரே ஒரு முறை மெல்ல இழுத்தேன். நலமா என்று கேட்கிற மாதிரி. பைத்தியக்காரத்தனம்தான். காது அடைக்கவில்லை, வாயில் ரப்பர் கசக்கவில்லை. சிரித்துக்கொண்டே கையை எடுக்கப் போனேன்.

புகைக்கு அடியிலிருந்து கம்பி ஒரு முறை இழுபட்டது.

நைட்ரஜன் கொதிக்கும்போது அடுக்கு துள்ளும். பனி உடைந்தாலும் துள்ளும். எனக்குத் தெரியும். மூடியைச் சாத்திவிட்டு வெளியே வந்து பதிவேட்டில் நேரம் எழுதினேன், எட்டு நாற்பது. குறிப்பு எழுதும் இடத்தில் பேனாவை வைத்தேன், எடுத்தேன். உட்டே கேட்டார், ஏதாவது பிரச்சினையா என்று.

இல்லை, எல்லாரும் நலம் என்றேன். அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டேன்.